பழைய திருமணச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் குறித்து ஓர் எச்சரிக்கை

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ நடந்த பழைய திருமணத்தின் சான்றிதழைத் தேடுவோர், கூகுளில் முதலாவதாக வரும் நிறுவனத்திடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படிக்க வேண்டுகிறேன். என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1890களில் யார்க்‌ஷயரில் செய்துகொண்ட திருமணத்தின் சான்றிதழுக்காக, அரசுத் தளம் போலவே தோற்றம் அமைத்திருந்த ஒரு தனியார் நிறுவனத்திடம் மணமகன், மணமகள் இருவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தோம். அரசுக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 12.50 பவுண்டு, அவர்கள் அதைச் சொல்லாமல் நான்கு மடங்குக்கு மேல் வாங்கினார்கள்.

பல வாரங்கள் கழித்து வந்த சான்றிதழில் மணமகனின் பெயர் மட்டுமே பொருந்தியது. மணமகள் வேறு யாரோ. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி என்றிருக்க வேண்டிய மணமகனின் தந்தை, தையற்காரர் என்றிருந்தார். கேட்டபோது, சான்றிதழ் உண்மையானது என்பதால் பணம் திரும்பத் தரப்படாது என்றார்கள்.

பணம் போனதைவிட அவர்களுடைய அலட்சியமே என்னை மிகவும் வருத்துகிறது. திருமணப் பதிவுகளைப் பெயர்வாரியாகப் பட்டியலிடும் அரசு அட்டவணையில், 1912க்கு முந்தைய பதிவுகளுக்குத் துணைவரின் குடும்பப் பெயர் இராது என்பதால், மணமகனையும் மணமகளையும் தனித்தனியே தேடி, திருமணம் பதிவான காலாண்டு, மாவட்டம், பதிவேட்டின் தொகுதி எண், பக்க எண் ஆகிய நான்கும் இருவருக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இத்துறையின் அரிச்சுவடி. மணமகளின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

இதை நாமே செய்துவிடலாம். தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி தளத்தில், 1837 ஜூலையில் தொடங்கும் அந்த அட்டவணையை இலவசமாகத் தேடலாம். எண்கள் பொருந்தினால், இச்சான்றிதழ்களை வழங்கும் அரசு அமைப்பான பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் தளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். எண்கள் பொருந்தினாலும், ஒரே பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் இருக்கக்கூடும் என்பதால், சான்றிதழிலுள்ள தந்தையின் பெயரையும் தொழிலையும் 1891ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாயின் பெயர் 2021 மே மாதத்துக்கு முந்தைய சான்றிதழ்களில் கிடையாது. அதையும் சேர்த்துத் தருவதாக ஒருவர் விளம்பரம் செய்தால் அங்கேயே விலகிவிடுங்கள். ஸ்காட்லாந்தின் பதிவுகள் முற்றிலும் தனி; அவற்றை ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்னும் அரசுத் தளத்தில் பார்க்க வேண்டும்.

இம்முறையில் விண்ணப்பித்துச் சரியான சான்றிதழைப் பெற்றுவிட்டோம். அந்த நிறுவனத்துக்குச் செலுத்திய தொகையைத் திரும்பப் பெற வங்கியில் முறையிட்டிருக்கிறோம்.