நேரடிப் பதிவா, தனித்தனிப் பதிவா?

ஸ்லைடுகளைக் காட்டிப் பேசும் வீடியோவை பவர்பாயிண்ட்டிலேயே நேரடியாகப் பதிவு செய்தால் குரலும் முகமும் அந்தந்த ஸ்லைடோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாவது ஸ்லைடில் நாக்கு குழறினால் அதை மட்டும் திரும்பப் பேசினால் போதும். ஒரே கவனம்: ஸ்லைடு மாறும் நேரத்தில் குரல் பதிவாகாது, மாறி முடிந்தபின் பேசுங்கள். அலுவலகப் பயிற்சிக்கு இதுவே தாராளம்.

முக்கியமான வாடிக்கையாளருக்கு என்றால் நான் தனித்தனிப் பதிவுக்கே மெனக்கெடுவேன். முகத்தை எடுக்கும் கேமரா ஒருபுறம், ஸ்லைடுகளை எடுக்கும் திரைப்பதிவு மறுபுறம், இரண்டிலும் மைக் ஒலியோடு ஓடட்டும். பேசத் தொடங்கும் முன் ஒருமுறை பளாரென்று கைதட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு ஒலி அலைகளிலும் அந்தக் கூர்முனை தெரியும். அவற்றை நேராக வைத்தால் ஸ்லைடும் பேச்சும் பொருந்திவிடும். அப்புறம், பல செல்போன்களில் எடுக்கும் வீடியோவில் பிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) சீராக இருக்காது. அதை நிலையான வேகத்துக்கு மாற்றாமல் எடிட் செய்தால், போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று விலகலாம்.