ஷோரூமுக்கு முன்னால் ரிப்பேர் கடை

திருநெல்வேலியில் லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால் முதலில் ஷோரூமுக்குப் போகாதீர்கள். லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற கடை ஒன்றைத் தேடிப் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். என்னை மாதிரி சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வருகிறவர்கள் வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவோம். அப்புறம் அது மக்கர் பண்ணினால் பஸ் ஏறி அலைவது வீட்டில் இருப்பவர்கள்தான்.

எங்கள் வீட்டில் அலைந்தது மைனி, அண்ணியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்களின் சுயஉதவிக் குழுவுக்கு அவர்தான் கணக்கு எழுதுகிறார். இதுவரை எல்லாம் ஒரு டேப்லெட்டில் நடந்தது. பாயைப் படமெடுத்து ஆர்டர்காரர்களுக்கு அனுப்ப அது அருமையான சாமான். கணக்கு என்று வந்தால்தான் பாடு. கீபோர்டு மேலே வந்ததும் பாதித் திரை காலி. மிச்சப் பாதியில் எக்ஸெல் கட்டத்தைத் தேட வேண்டும். மைனி தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் பண்ணியவர். டைப்ரைட்டரில் கீழே பார்க்காமலே அடிப்பார். அப்படிப்பட்டவர் கண்ணாடியை ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருந்தது.

கடைசியில் சார்ஜிங் பின் ஆட ஆரம்பித்தது. கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பல நாள் வைத்துக்கொண்டு, போர்டையே மாற்ற வேண்டும் என்று புது டேப்லெட் விலையில் பாதிக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று திருப்பி வாங்கினால், பார்த்ததற்கும் கட்டணம். அதே டேப்லெட்டை ஜங்ஷன் பக்கம் ஒரு மாடிக்கடையில் கொடுத்தோம். சில நூறு ரூபாயில் பின்னை மட்டும் மாற்றித் தந்துவிட்டார்கள். அந்தக் கடைதான் நான் சொல்லும் ரிப்பேர் கடை.

மேசையில் ஒரு சின்ன லேப்டாப் வயிறு திறந்து கிடந்தது. கழற்றிய ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரு காலி அல்வா டப்பாவில். நாங்கள் 35,000 ரூபாய்க்குள், கனம் இல்லாமல் வேண்டும் என்றதும் கடைத்தம்பி அதையே கையில் எடுத்துக் காட்டினார். மூடியைத் தாங்கும் கீல், உடம்பில் பதித்திருந்த பித்தளை நட்டோடு பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது. “மலிவு மாடல்ல இதான் அண்ணாச்சி அதிகமா வருது. மூடியை ஒரு ஓரமாப் பிடிச்சுத் திறக்காவ, ரெண்டே வருசத்துல கீல் போயிரும். நடுவுல பிடிச்சுத் திறக்கச் சொல்லுங்க.” அப்புறம் போர்டில் ஒட்டியிருந்த ஒரு கறுப்புச் சில்லைக் காட்டினார். 64 ஜிபி இஎம்எம்சி, மலிவு மாடல்களில் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் சில்லு. “விண்டோஸ் அப்டேட்டுக்கே இது பத்தாது. போச்சுன்னா போர்டோட போச்சு, பாத்துக்கிடுங்க. எஸ்எஸ்டின்னா நானே கழற்றி வேற போட்டுருவேன்.” ரேமும் அப்படித்தான். முழுக்கப் போர்டில் ஒட்டியது என்றால் வாங்கும்போதே 8 ஜிபி இருக்க வேண்டும், பின்னால் கூட்ட வழி கிடையாது. மலிவு ரகமான செலரான் பிராசஸர் பக்கமே போகாதீர்கள் என்றும் சொன்னார். நான் கேட்காமலே சொன்னது அது.

விண்டோஸ் இல்லாமல் கூகுளின் குரோம் ஓஎஸில் ஓடும் குரோம்புக் எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது. கனமும் கம்மி, விலையும் கம்மி. ஆனால் மைனிக்கு வேண்டியது டைப்ரைட்டர் முறை. விண்டோஸில் தமிழ் 99 என்ற கீபோர்டு முறை கூடவே வருகிறது, டைப்ரைட்டர் முறைக்கு என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளைத் தனியாகப் போட வேண்டும். அது குரோம்புக்கில் ஏறாது. விண்டோஸிலும் எஸ் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைப்பதை மட்டும்தான் போட முடியும். காசில்லாமல் அதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் திரும்ப உள்ளே போக முடியாது. நமக்கு எதற்குத் திரும்பப் போக வேண்டும்?

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை ஷோரூமில் ஒவ்வொரு கம்பெனி சட்டையிலும் ஒரு பையன். அவரவர் கம்பெனி மேசைக்கு இழுப்பார்கள், அது அவர்கள் வேலை. எஸ் மோடு என்று கேட்டதும் ஒருத்தர் போனில் யாரையோ கூப்பிட்டார். ஆன்டிவைரஸ், கூடுதல் வாரண்டி, வட்டியில்லாத் தவணை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். மைனி எதையும் காதில் வாங்கவில்லை. அவர் பண்ணிய ஒரே சோதனை, திரைக்குப் பக்கவாட்டில் போய் நின்று பார்த்ததுதான். “குழுக் கூட்டத்துல எல்லாரும் சுத்தி உக்காந்து பாப்பாவ தம்பி. ஒரு ஆளுக்கு மட்டும் தெரிஞ்சா கணக்குல சந்தேகம் வந்துரும்.” மலிவான டிஎன் திரையில் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து வெளுத்துப் போகும். ஐபிஎஸ் திரையில் அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒரு காரணத்தாலேயே இரண்டு மாடல்கள் கழிந்தன. எனக்குத் தோன்றாத விஷயம் இது.

கடைசியில் எடுத்தது 14 இன்ச், கோர் ஐ3 1215யூ பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கனம் 1.4 கிலோ என்று போட்டிருந்தது. சார்ஜரும் வயரும் சேர்ந்தால் கால் கிலோ கூடும், அதை யாரும் சொல்வதில்லை. யூஎஸ்பி சி வழியாகச் சார்ஜ் ஆகிற மாடலாகப் பார்த்து எடுத்தோம், சார்ஜர் போனால் வேறு எளிதாகக் கிடைக்கும்.

பணம் கட்டும்போது சிங்கப்பூர் கார்டை நீட்டினேன். 2 சதவீதம் கூடுதல் என்றார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்ஈ கணக்கோடு இணைத்த சிங்கப்பூர் போன் எண்ணிலேயே யூபிஐயில் கட்டிவிட்டேன். 2023இலிருந்து சிங்கப்பூர், அமீரகம், சவூதி உள்படப் பல நாட்டு எண்களுக்கு அந்த வசதி உண்டு. நம்மவர்கள் நிறையப் பேர் இன்னும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

பில்லை மைனி பெயரிலேயே, ஜிஎஸ்டியோடு போடச் சொன்னேன். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி என்றால் அதோடு விட்டுவிடாதீர்கள். பத்தமடை பின்கோடைச் சொல்லி, அங்கே ஆள் வருவார்களா என்று கம்பெனி எண்ணுக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் நாங்கள் பணம் கட்டினோம். கடைப் பையன் முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

இன்னொன்று, லேப்டாப்போடு வரும் எம்எஸ் ஆபீஸ். அதை முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறக்கிறீர்களோ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கக் காலக்கெடுவும் உண்டு. அவசரத்தில் உங்கள் கணக்கில் திறந்துவைத்துவிட்டு ஊர் திரும்பினால், பாஸ்வேர்டு கேட்டு நடு ராத்திரியில் போன் வரும். மைனி பெயரில் புதுக்கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டைக் குழுவின் வரவு செலவு நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாயிற்று. பாதுகாப்பு நிபுணர்கள் திட்டுவார்கள். திட்டட்டும்.