லைல் பக்கம் வாடகைக்கு வருகிறீர்களா: தனிவீடா, அபார்ட்மென்டா?

சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில்லுக்கும் டவுனர்ஸ் குரோவுக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர் லைல். 2020 கணக்கெடுப்பில் 24,000 சொச்சம் பேர். மெட்ரா என்ற புறநகர் ரயில் நிற்கும், ஏறி உட்கார்ந்தால் நேராகச் சிகாகோ யூனியன் ஸ்டேஷன். அரோரா பாலாஜி கோவிலும் லெமாண்ட் ராமர் கோவிலும் காரில் போய்வரும் தூரம்தான். வேலை மாறி இந்தப் பக்கம் வரும் நம்மவர்கள் எல்லாரும் கேட்பது, தனிவீடு எடுப்பதா, அபார்ட்மென்ட் எடுப்பதா என்று. நாங்கள் இரண்டிலும் இருந்து பார்த்துவிட்டோம். முதலில் தனிவீடு, இப்போது அபார்ட்மென்ட். என் ஓட்டு அபார்ட்மென்டுக்குத்தான், முக்கியக் காரணம் பராமரிப்பு.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இடம், கராஜ், தோட்டம், தனிமை எல்லாவற்றிலும் தனிவீடு மேல், வாடகையும் அதற்கேற்ப அதிகம். பள்ளிக்கூடத்துக்காகத் தனிவீடு எடுப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். எதை எடுத்தாலும் வீட்டு முகவரியை வைத்து எந்தப் பள்ளி டிஸ்டிரிக்ட் என்று பாருங்கள். லைல் என்று விலாசம் இருந்தாலும் கிரீன் டிரெயில்ஸ் பக்கம் நேப்பர்வில் 203-இல் வருகிறது, ஊரின் வேறு பகுதிகள் லைல் 202-இல் வருகின்றன.

சரி, பராமரிப்புக்கு வருவோம். தனிவீட்டு லீஸில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: புல் வெட்டுவதும் பனி அள்ளுவதும் குடியிருப்பவர் பொறுப்பு. வீடு பார்ப்பது மே, ஜூன் மாதத்தில், மரமெல்லாம் பச்சைப்பசேல் என்று நிற்கும்போது, அதனால் அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓஹேர் விமான நிலையக் கணக்கில் ஒரு பருவத்துக்குச் சராசரியாக 38 அங்குலம் பனி விழுகிறது, நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை எப்போது வேண்டுமானாலும் விழும். ராத்திரி 4 அங்குலம் கொட்டினால், விடியும் முன்னே எழுந்து ஷவலோடு இறங்கினால்தான் வேலைக்கு நேரத்துக்குப் போகமுடியும். ஜனவரிக் குளிரில் விழும் உலர்ந்த பனியைத் தள்ளிக்கொண்டே போய்விடலாம், மார்ச்சில் விழும் ஈரப்பனிதான் இடுப்பை ஒடிக்கும். டிரைவ்வே முழுக்க அள்ளி முடித்து உள்ளே வந்து காபி கலக்கும்போது பனித்தள்ளு வண்டி தெருவோடு போகும். தெருவைச் சுத்தமாக்கி, அந்தப் பனியை நம் டிரைவ்வே வாசலில் வரப்பு மாதிரி ஒதுக்கிவிட்டுப் போய்விடும். உப்பும் மண்ணும் கலந்து சாம்பல் நிறத்தில், முழங்கால் உயரம்கூட இருக்கும். கொஞ்சம் விட்டால் இறுகிப்போய் ஷவல் இறங்காது, குத்திக் குத்தித்தான் எடுக்கவேண்டும், அதை எடுக்காமல் சின்னக் கார் வெளியே போகாது. அப்புறம் உப்பு தூவவேண்டும். சாதாரண உப்பு 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, கால்சியம் குளோரைடு வாங்கவேண்டும், அது விலை கூட.

ஆள் வைக்கலாமே என்பீர்கள், வைக்கலாம். ஆனால் பெரிய பனிப்புயல் அன்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் ஆள் வேண்டும், நம் முறை மத்தியானம்தான் வரும்.

இதில் நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பலர் ஊருக்குப் போவது டிசம்பர் விடுமுறையில், சரியாகப் பனி விழும் நேரத்தில். வீட்டைப் பூட்டிவிட்டு மதுரைக்கோ கோவைக்கோ போனால் இங்கே யார் அள்ளுவது? ஹீட்டரை முழுக்க அணைத்துவிட்டும் போகமுடியாது, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்துவிடும். 2019 ஜனவரி 30 அன்று ஓஹேரில் மைனஸ் 23 ஃபாரன்ஹீட் வரை போனது. அந்த மாதிரி நாளில் ஆளில்லாத வீட்டில் ஃபர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் மெஷின், நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கவலை ஊரில் இருக்கும்போதும் விடாது. அபார்ட்மென்டில் ஹீட்டரை 60-இல் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். சுற்றிலும் ஆள் இருக்கும் வீடுகள், ஏதாவது என்றால் ஆபீஸில் சாவி இருக்கிறது.

பனி முடிந்தால் புல். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அநேகமாக வாராவாரம் வெட்டவேண்டும், வளரவிட்டால் ஊர் நிர்வாகத்திலிருந்து நோட்டீஸ் வரும். பிறகு இலை வாருவது, பேஸ்மென்டில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஓடுகிறதா என்று மழைக்கு மழை பார்ப்பது, ஃபர்னஸ் ஃபில்டர் மாற்றுவது. சொந்த வீட்டுக்கு இதெல்லாம் செய்யலாம், ஒரு அர்த்தம் இருக்கிறது. வாடகை வீட்டுக்குப் புல் வெட்டும் மெஷினும் ஸ்னோ புளோயரும் வாங்கி வைத்து, காலி செய்யும்போது அவற்றை விற்க அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போது இருக்கும் இடத்தில் பனி அள்ளுவதற்காகக் காரை நகர்த்தச் சொல்லி மெசேஜ் வரும், நகர்த்தினால் போதும். கார்மேல் இருக்கும் பனியை மட்டும் நாம் சுரண்டவேண்டும்.

டெபாசிட் விஷயமும் உண்டு. இல்லினாய் மாநிலத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடம் என்றால், டெபாசிட்டில் எதற்குப் பிடித்தார்கள் என்று 30 நாளில் கணக்குக் கொடுக்கவேண்டும், பிடிப்பு இல்லையென்றால் 45 நாளில் திருப்பித் தரவேண்டும். தனிவீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, லீஸில் எழுதியிருப்பதுதான். எங்கள் பழைய வீட்டுக்காரரிடமிருந்து பணம் வந்து சேர ரொம்ப நாள் ஆனது.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கும்போதும் அபார்ட்மென்ட்தான் நல்லது. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குத் தனிவீட்டில் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தபடிதான் போகும். இங்கே சாயங்காலம் காம்ப்ளெக்ஸைச் சுற்றி நடந்தால் விஜயவாடா, புனே, திருச்சி என்று நாலு பெரியவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். என் அம்மா இப்போது என்னைவிட அதிகம் பேரைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

அபார்ட்மென்டில் குறையே இல்லையா? இருக்கிறது. பல பழைய காம்ப்ளெக்ஸ்களில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டித் திரும்பச் சமையலறைக்குள்ளேயே விடும். மிளகாய் தாளித்தால் அலாரம் அடிக்கும், ஜன்னலைத் திறந்து டவலை வீசிக்கொண்டு நிற்கவேண்டும். மேல்வீட்டுக் காலடிச் சத்தமும் உண்டு. எங்கள் பிள்ளைகள் பெரியவர்கள், அதனால் கீழ்வீட்டுக்காரர் வந்து புகார் சொன்னதில்லை. ஓடி விளையாடும் வயதுக் குழந்தை இருந்தால் தரைத்தளம் கேட்டு வாங்குங்கள்.

தனிவீட்டை விட்டு வந்ததில் நான் உண்மையிலேயே இழந்ததாக நினைப்பது பேஸ்மென்ட். 2021 ஜூன் 20 ராத்திரி நேப்பர்வில், வுட்ரிட்ஜ் வழியாக ஈஎஃப்-3 (5 தான் உச்சம்) அளவு டொர்னேடோ, அதாவது சுழற்காற்று, போனது, பக்கத்து ஊர்கள்தான். சைரன் அடித்தால் தனிவீட்டில் படி இறங்கினால் போதும். இங்கே கீழ்த்தளத்து உள்நடைக்குப் போய் நிற்கவேண்டும். அதற்கும் தரைத்தளம்தான் நல்லது.

டவுன்ஹவுஸில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீட்டில், நான் இருந்ததில்லை. வீட்டு உரிமையாளர் அசோசியேஷனே பனியும் புல்லும் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். வாடகையும் நான் பார்த்தவரை இரண்டுக்கும் நடுவில்தான், இடம் வேண்டும் என்பவர்கள் அதையும் பாருங்கள். இல்லை, தனிவீடுதான் என்றால் லீஸ் போடும் முன் டிரைவ்வே எத்தனை கார் அகலம், ஸ்னோ புளோயர் வீட்டோடு வருகிறதா, நடைபாதைப் பனியை யார் எடுப்பது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூலை வீடு என்றால் இரண்டு தெரு நடைபாதையும் சேரும், அதை முதலிலேயே தவிர்த்துவிடுங்கள்.