யுஎஸ்பி டர்ன்டேபிளா, தனி ப்ரீஆம்ப்பா?

பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்ற யுஎஸ்பி டர்ன்டேபிள்தான் சுலபமான வழி. ஒரே கேபிள், ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து பதிவைத் தொடங்கினால் போதும். கொஞ்சம் எல்பிக்களை (நீண்டநேர வினைல் தட்டுகள்) மட்டும் மாற்றிக் காரில் கேட்க நினைப்பவருக்கு இதுவே தாராளம். ஆனால் மலிவான மாடல்கள் பல 16 பிட் நுணுக்கத்தோடு நின்றுவிடும். ஒலியளவு எகிறி உச்சம் வெட்டுப்பட்டால், அப்புறம் முழுதாக மீட்க வழியில்லை.

சாதாரண டர்ன்டேபிள், ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி), ஆடியோ இன்டர்ஃபேஸ் (அதைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) என்று தனித்தனியாக வாங்கினால் செலவும் ஒயர்களும் கூடும். பதிலுக்கு 24 பிட்டில், உச்சம் வெட்டுப்படாதபடி மேலே 6 டெசிபல் இடம் விட்டு நிதானமாகப் பதியலாம்.

வீட்டில் 78 சுழற்சி அரக்குத் தட்டுகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவது வழிதான். அவற்றின் பள்ளம் அகலமானது. சுமார் 75 மைக்ரான் ஊசி வேண்டும். எல்பி ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் அள்ளும். போதாததற்கு, இன்றைய ப்ரீஆம்ப்கள் பின்பற்றும் ஆர்ஐஏஏ அளவுகோல் (பாஸ், ட்ரெபிள் அளவைச் சரிசெய்யும் ஈக்வலைசேஷன் முறை) 1954-இல் வந்தது. அதற்கு முந்தைய தட்டுகளுக்கு ஈக்வலைசேஷனை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள ப்ரீஆம்ப் நல்லது.

எந்த வழியானாலும் தட்டைத் துடைத்துவிட்டு ஏற்றுங்கள் (அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும்). மூலப்பதிவைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக வையுங்கள். எம்பி3 பிறகு எடுத்துக்கொள்ளலாம்.