குரோகுவா, காசியனா? சமாதானபுரத்தில் தீராத ஒரு வழக்கு

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எங்கள் அண்ணாச்சி ராத்திரி 9 மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார் என்றால் வழக்கு ஆரம்பமாகிவிடும். ஸ்டார் வார்ஸ் தொடர்களில் கதை சொல்லத் தெரிந்தது எது? அவர் மாண்டலோரியன் கட்சி. நான் ஆண்டோர் கட்சி. பிளாஸ்கில் டீ தீரும் வரை ஆளுக்கொரு பக்கம் இழுப்போம்.

"ஏல தம்பி, கதைன்னா ஒரு ஆளு, ஒரு பிள்ளை, ஒரு பாதை. அது போதும்லா? உன் ஆண்டோர்ல மூணு எபிசோடு முடியுத வரைக்கும் கதை அந்த ஊரை விட்டு நகர மாட்டேங்கே" என்பார்.

அவர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜான் ஃபேவ்ரோ உருவாக்கிய மாண்டலோரியன் 2019 நவம்பர் 12 அன்று வந்தது. சீசனுக்கு 8 எபிசோடு வீதம் 3 சீசன், 24 எபிசோடு. காசுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் டின் ஜாரின் தலைக்கவசத்தைக் கழற்றுவதில்லை. அவனிடம் சிக்கிய பிள்ளை குரோகுவுக்குப் பேச்சு வராது. ஒருவன் முகம் தெரியாது, இன்னொருவன் வாய் திறக்க மாட்டான். இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு பாசத்தைக் காட்டுவது சாதாரண வேலை இல்லை.

எப்படிக் காட்டினார்கள் என்பதற்கு ஒரே ஒரு பொருளைச் சொன்னால் போதும். கப்பலை ஓட்டும் லிவரின் தலையில் ஒரு சின்ன உலோக உருண்டை. பிள்ளை அதைத் திருகிக் கழற்றி விளையாடும், அவன் பிடுங்கி வைப்பான். முதல் சீசன் மூன்றாம் எபிசோடில் பிள்ளையை விலைக்குக் கொடுத்துவிட்டு, கிடைத்த உலோகத்தில் புதுக் கவசம் செய்து போட்டுக்கொண்டு கிளம்ப உட்காருகிறான். லிவருக்குப் போன கை அந்த உருண்டையில் நின்றுவிடுகிறது. ஒரு வார்த்தை இல்லை. கப்பலை அணைத்துவிட்டு இறங்கிப் போகிறான். இரண்டாம் சீசனில் கப்பலே வெடித்துச் சாம்பலான பிறகு, அந்தச் சாம்பலில் அவன் குனிந்து எடுப்பதும் அதே உருண்டையைத்தான். எத்தனை பக்கம் வசனம் எழுதினாலும் இது வராது. இந்த இடத்தில் அண்ணாச்சியோடு எனக்குச் சண்டையே கிடையாது.

சண்டை அதற்கப்புறம்தான். 2020 டிசம்பரில், இரண்டாம் சீசன் கடைசியில், பிள்ளையைப் பழைய ஸ்டார் வார்ஸ் படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கர் அழைத்துப் போக வருகிறார். டின் தன் வாழ்நாள் விரதத்தை விட்டுக் கவசத்தைக் கழற்றுகிறான். பிள்ளை தன் பிஞ்சுக் கையால் அவன் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறது. நான் அழுதேன், அண்ணாச்சியும் அழுதார். 14 மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், த புக் ஆஃப் போபா ஃபெட் என்ற வேறொரு தொடரின் கடைசி எபிசோடில் பிள்ளை திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் சீசன் தொடங்கும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி இருவரும் ஒரே கப்பலில் போகிறார்கள். அந்த வேறு தொடரைப் பார்க்காதவனுக்குப் பிள்ளை எப்போது வந்தது என்றே தெரியாது. பொம்மையைப் பிரிய மனமில்லாமல் செய்தார்களோ, விற்பனைக்காகச் செய்தார்களோ, அழுதவனுக்கு அந்தக் கண்ணீர் வீணாய்ப் போயிற்று. போபா ஃபெட்டுக்கும் இதனால் நஷ்டம்தான். அவன் பெயரில் வந்த 7 எபிசோடில் ஐந்தாவது முழுக்க டின்னின் கதை.

இனி ஆண்டோர். டோனி கில்ராய் உருவாக்கிய தொடர், நாயகன் காசியன் ஆண்டோர். முதல் சீசன் 2022 செப்டம்பர் 21 அன்று மூன்று எபிசோடுகளோடு தொடங்கியது. 12 எபிசோடு. இரண்டாம் சீசனும் 12. அது 2025 ஏப்ரல், மே மாதங்களில் வாரம் மூன்று எபிசோடாக வந்து முடிந்தது. ஜெடாய் என்னும் மாய சக்தி வீரர்கள் இல்லை, அவர்களின் ஒளிவாள் இல்லை. அண்ணாச்சி குறை சொல்லும் அந்த முதல் மூன்று எபிசோடுகளைப் பற்றித்தான் நான் நிறையப் பேச வேண்டும்.

என் மாமா, அம்மா கூடப் பிறந்தவர், 20 வருசம் வில்லுப்பாட்டு செட்டில் குடம் அடித்தவர். சின்ன வயதில் கோயில் கொடைக்கு அவரோடு போய்ப் பந்தலில் படுத்திருக்கிறேன். வில்லில் எடுத்த எடுப்பில் கதை வராது. காப்பு பாடி, குருவை வணங்கி, சபைக்கு அடக்கம் சொல்லி, அப்புறம் நாட்டு வளம் பாட வேண்டும். மலை எது, ஆறு எது, வயலில் என்ன விளையுது, யார் வீடு எங்கே. சின்னப் பிள்ளையாக இருக்கையில் எப்போதுதான் சாமி வருவார் என்று எரிச்சலாக இருக்கும். ஆனால் விடியற்காலம் மூன்று மணிக்கு அந்த ஊருக்குள் தீ விழும்போது, எரிவது நமக்குத் தெரிந்த வீடு. அந்த முக்கால் மணி நேர வளம் அப்போதுதான் வேலை செய்யும்.

ஆண்டோரின் முதல் மூன்று எபிசோடு அப்படிப்பட்ட நாட்டு வளம். ஃபெரிக்ஸ் என்று ஒரு ஊர், பழைய கப்பல்களை உடைத்துப் பிழைக்கும் ஊர். கோபுரத்தின் மேல் ஒருவர் இரண்டு கையிலும் சுத்தியலோடு நின்று இரும்பை அடித்து நேரம் சொல்கிறார். வேலைக்காரர்களின் கையுறைகள் சுவரில் வரிசையாகத் தொங்குகின்றன. இதையெல்லாம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை, போகிற போக்கில் கண்ணில் படும். செத்தவர்களின் சாம்பலைக் கலந்து செங்கல் செய்து ஊர்ச் சுவரில் வைப்பார்கள் என்பது பின்னால் தெரியவரும். சீசனின் கடைசி எபிசோடில் காசியனின் வளர்ப்புத் தாய் மார்வாவின் சவ ஊர்வலம் வாத்திய இசையோடு தெருவில் வருகிறது. ஊரை அடக்கி ஆளும் பேரரசின் பட்டாளம் வழி மறிக்கிறது. அங்கே ஒரு கிழவியின் சாம்பல் கலந்த செங்கல் ஆயுதமாகிறது என்றால், மூன்று எபிசோடு நாம் அந்தத் தெருவில் குடியிருந்ததால்தான் நமக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நடுவில் நார்க்கினா 5 சிறை. 8 முதல் 10 வரை மூன்று எபிசோடு. கைதிகள் வெறுங்காலோடு நிற்க வேண்டும், தரையில் மின்சாரம் பாய்ச்சலாம். வேலையில் கடைசியாக வரும் மேசைக்காரர்களுக்கு ஷாக். முதலில் வருபவர்களுக்குப் பரிசு என்ன தெரியுமா? சாப்பாட்டுக் குழம்பில் கொஞ்சம் ருசி. கொடுமையை இதைவிடத் துல்லியமாக எழுத முடியாது. அங்கே கைதிகளை மேய்க்கும் கைதி கினோ லாய். ஒரு தளத்துக்கு எத்தனை காவலர் என்று காசியன் பல தடவை கேட்டும் பதில் சொல்லாதவர். விடுதலை என்று ஒன்றே இங்கே கிடையாது என்று தெரிந்த ராத்திரி, மெல்லிய குரலில் சொல்கிறார், எப்போதும் 12 பேருக்கு மேல் இருந்ததில்லை என்று. ஒரு மனுசன் கட்சி மாறியதை ஒரு எண்ணிக்கையில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த எபிசோடை மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் வசனத்தை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். சிறையை உடைத்து ஆயிரக்கணக்கில் ஓடி வருகிறார்கள். சுற்றிலும் தண்ணீர். எல்லோரும் குதிக்கிறார்கள். எல்லோரையும் அழைத்துவந்த கினோ விளிம்பில் நின்று, தனக்கு நீச்சல் தெரியாது என்கிறார். அவ்வளவுதான், அதற்குமேல் அவரைப் பற்றித் தொடர் ஒன்றும் சொல்வதில்லை.

மாமா டிவியை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கொக்கிரகுளத்துல அன்னைக்கு எத்தனை பேருக்கு நீச்சல் தெரியாதோ" என்றார்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலம். தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டார்கள். 17 உயிர் தாமிரபரணிக் கரையில் போயிற்று. பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் எங்களுக்கு நினைவு வரும் விசயம் அது. எங்கேயோ தூரத்தில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு எங்கள் ஆறு தெரியாது. ஆனால் கூட்டம், விளிம்பு, தண்ணீர், பின்னால் தடி என்பதை உள்ளபடி எழுதியதால் பாளையங்கோட்டையில் ஒரு குடக்காரருக்கு அது போய்ச் சேர்ந்தது.

அண்ணாச்சி இன்னொன்று கேட்பார்: காசியன் சாகப்போறது 2016-ல வந்த ரோக் ஒன் படத்துலயே தெரியுமே, அப்புறம் என்ன சுவாரசியம்? அவருக்கு நான் வில்லுப்பாட்டில் பாடும் முத்துப்பட்டன் கதையைத்தான் சொல்வேன். மாடு மீட்கப் போன பட்டன் செத்துப்போவான், அவன் மனைவிகள் பொம்மக்காவும் திம்மக்காவும் தீயில் இறங்குவார்கள் என்று கொடைக்கு வரும் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் அவன் பூணூலைக் கழற்றிவிட்டுச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ளும் இடம் வந்தால் பந்தலில் ஒரு சத்தம் இருக்காது. இன்றைக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற பெயரில் சாமியாகிவிட்ட அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. முடிவு தெரிந்திருப்பதால், நடுவில் அவன் செய்யும் ஒவ்வொரு காரியமும் கனமாகிறது. காசியன் கடைசியில் தாயின் ஊரை, காதலி பிக்ஸை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போவதும் அப்படித்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022-ன் ஓபி-வான் கெனோபியிலும் 2023-ன் ஆசோகாவிலும் ஒளிவாள் வயிற்றில் இறங்கியவர்கள் எழுந்து நடமாடுகிறார்கள். ஆசோகாவில் முதல் எபிசோடு முடிவில் குத்துப்படும் சபீன் அடுத்த எபிசோடில் தேறிவிடுகிறாள். பிறகு எந்த வாளுக்கு யார் பயப்படுவார்கள்? அந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது பேலன் ஸ்கால் என்ற பாத்திரம் மட்டும்தான். நடித்த ரே ஸ்டீவன்சன் தொடர் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். 2024-ன் அகோலைட்டுக்குத் தைரியம் இருந்தது, ஐந்தாம் எபிசோடில் முக்கியமானவர்களையே சாகவிட்டது. 8 எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆண்டோரிலும் குறை உண்டு. ஐந்து சீசனாக யோசித்ததை இரண்டில் அடக்கியதால், இரண்டாம் சீசனில் மூன்று எபிசோடுக்கு ஒரு வருசம் தாவுகிறது. தொடக்கத்தில் காட்டுக்குள் ஒரு கலகக் கூட்டம் தங்களுக்குள் சண்டை போடும் பகுதி எனக்கே பொறுமையைச் சோதித்தது. கோர்மன் என்ற கிரகத்தில் நடக்கும் படுகொலையும், அதற்கடுத்து செனட்டர் மான் மோத்மா செனட்டில் பேசும் ஒன்பதாம் எபிசோடும் அதையெல்லாம் மறக்கடித்துவிட்டன. அந்த எபிசோடை எழுதிய டான் கில்ராய்க்கு 2025-ல் எம்மி கிடைத்தது. அண்ணாச்சியிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. விருதைக் காட்டி ஜெயித்தால் அது ஜெயிப்பாகாது.

அவர் ஒரு விசயத்தில் என்னை மடக்கிவிட்டார். "வீட்ல பிள்ளைகளோட உக்காந்து பாக்க முடியுமா உன் தொடர?" முடியாது. இரண்டாம் சீசன் மூன்றாம் எபிசோடில் பிக்ஸிடம் அந்த அதிகாரி நடந்துகொள்வதை ஒரு பிள்ளை பக்கத்தில் இருக்கப் பார்க்க முடியாது. அதனால் அக்கா மகனுக்கு மாண்டலோரியன்தான் போட்டேன். 8 வயது. அந்த உருண்டை வரும் இடத்தில், நான் எதுவும் சொல்லாமலே, "மாமா, அவன் திரும்பிப் போவான் பாருங்க" என்றான்.

இரண்டாம் சீசன் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டேன். குரோகு லூக்கோடு போய்விட்டான், கதை அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறேன். நாலு நாளாக அவன் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறான். அங்கே அவனுக்குச் சாப்பாடு யார் கொடுப்பார்கள், அந்த உருண்டை இப்போது யாரிடம் இருக்கிறது என்று.