மண்டபம் பக்கம் மரவீடு போட்டுத் தருபவர்: வேலை சுத்தம், வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கடற்கரையில் மரச்சட்ட அறை ஒன்று போட மண்டபம் பக்கத்து ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தோம். இழைப்பு, மூட்டு எல்லாம் அருமை, குறையே சொல்ல முடியாது. ஆனால் வரைபடத்தில் கடலைப் பார்த்த பக்கம் முழுக்க ஜன்னல், ஜன்னல்களுக்கு நடுவே மிஞ்சும் சுவர் 2 அடி அகலம்தான், உயரமோ 9 அடி. அமெரிக்க விதிப்படி பிளைவுட் அடித்த சுவரின் உயரம் அகலத்தைப் போல மூன்றரை மடங்கைத் தாண்டினால் நிலநடுக்கத்தைத் தாங்கும் சுவராகக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். இரண்டு மடங்கைத் தாண்டினாலே வலிமையைக் குறைத்துத்தான் எடுப்பார்கள். ஒல்லிச் சுவரைப் பக்கவாட்டில் தள்ளினால் அதிகம் வளையும், ஓரம் அடித்தளத்தை விட்டு எழும்பப் பார்க்கும். 9 அடிக்கு 2 அடி 7 அங்குலமாவது வேண்டும்.

கேட்டால் "இங்க எங்க சார் பூகம்பம்?" என்கிறார். சரி, ராமநாதபுரத்தில் அந்த அபாயம் குறைவுதான், 1964 புயலில் தனுஷ்கோடி போனது மறந்துவிட்டதா? காற்றும் பக்கவாட்டில்தானே தள்ளும்! அப்புறம் ஒரு ஜன்னலை எடுக்கச் சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார், கூடுதல் காசும் கேட்கவில்லை. சுவரை அடித்தளத்தோடு பிடிக்கும் பட்டையைத் துருப்பிடிக்காத எஃகில் கேட்டு வாங்குங்கள், சாதா இரும்பு இந்த உப்புக்காற்றுக்கு நிற்காது.