பிள்ளையை எங்கே குர்ஆன் ஓத அனுப்புவது?

மஹல்லா (எங்கள் பகுதி) பள்ளிவாசல் மக்தப் (ஓதல் வகுப்பு), பீஸ் கட்டிப் படிக்கிற இஸ்லாமிய ஸ்கூல், ஆன்லைன் ஓதல். ரெண்டு பிள்ளைகளை வைத்து மூன்றையும் பார்த்துவிட்டோம்.

ஆன்லைனை முதலில் முடித்துவிடலாம். தஜ்வீதுக்கு, அதாவது குர்ஆனைச் சரியான உச்சரிப்போடு ஓதுவதற்கு, அதை அடிச்சிக்க ஆளில்லை. அரை மணி நேரம், ஒரு பிள்ளைக்கு ஒரு உஸ்தாது (ஆசிரியர்), 'ஐன்' என்ற அரபி எழுத்து தொண்டையிலிருந்து வரும்வரை விடமாட்டார். மக்தபில் நாற்பது பேர் ஒரே ராகத்தில் ஓதும்போது யார் ஐனை விழுங்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கேமராவில் தெரியாத காலால் பந்தை உருட்டிக்கொண்டே என் மகன் யாசீன் சூராவை ஓதியது அந்த உஸ்தாதுக்குத் தெரியாது.

ஸ்கூலில் சிபிஎஸ்இ பாடமும் லுஹர் ஜமாஅத்தும் (மதியக் கூட்டுத் தொழுகை) ஒரே இடத்தில் முடிந்துவிடும், டியூஷனா மதரஸாவா என்ற இழுபறி இல்லை. அக்லாக், அதாவது நற்குணம், தனிப் பாடம், பரீட்சையும் உண்டு. மூத்தவள் பெருமை, புறம் பேசுதல் பற்றியெல்லாம் எழுதி 50க்கு 48 வாங்கினாள். அன்று சாயங்காலமே கூடப் படிக்கிறவள் வெறும் 39 என்று மூன்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னாள்!

1111இல் மறைந்த மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி, 'இஹ்யா' என்ற தன் பெரும் படைப்பின் 40 நூல்களில் 10ஐ மனிதனை அழிக்கும் குணங்களுக்கே ஒதுக்கினார். நாவுக்குத் தனி நூல், பெருமைக்குத் தனி நூல். அதற்கெல்லாம் அவர் சொல்லும் மருந்து பழக்கம்தான்: கஞ்சன் கொடுத்துக் கொடுத்துத்தான் மாற வேண்டும்.

அந்தப் பழக்கம் மக்தபில்தான் கிடைத்தது என்பேன். இத்தனைக்கும் எங்கள் மக்தபில் பிரம்பு உண்டு, ஓதுவதற்கு அர்த்தம் சொல்லித் தருவதும் இல்லை. பிரம்புக்காக நானே போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் நோன்பு மாதத்தில் சின்னவன் அங்கே கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போவான். பெரியவர்களுக்கு முதலில், அப்புறம் வெளியூர்க்காரர்களுக்கு, வாசலில் தூக்குவாளியோடு நிற்கும் பக்கத்துத் தெரு அக்காக்களுக்கு, அவனுக்குக் கடைசியில் அடிக்கஞ்சி. வீட்டில் முதல் தோசைக்கு அடம்பிடிக்கிற பிள்ளை அது. இதற்கு அங்கே யாரும் மார்க் போடுவதில்லை.

அதனால் சின்னவனுக்கு மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் பின் மக்தப், ஞாயிறு மட்டும் ஆன்லைன். மூத்தவள் ஸ்கூலிலேயே தொடர்கிறாள், ஏனென்றால் எங்கள் பள்ளிவாசலில் வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு வகுப்பே கிடையாது. ஜமாஅத் நிர்வாகத்தில் கேட்டிருக்கிறோம், பார்ப்போம் என்றார்கள்.